மின்ஸ்ட்ரல் யார்? ஒரு சொல் வந்த வழி

மத்தியகால ஐரோப்பாவைப் பற்றிய கதைகளில் தோளில் ஒரு நரம்புக் கருவியை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற பாடகன் ஒருவன் வருவான். அவனை மின்ஸ்ட்ரல் என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், அது எங்கே பிறந்தது, ஜோங்ளர், ட்ரூபதூர் என்பவையும் அதே ஆளைத்தான் குறிக்கின்றனவா, தமிழில் ‘பாணர்’ என்று எழுதிவிடலாமா என்பது கேள்வி.

சுருக்கமான விடை: வேர்ப்பொருளில் மின்ஸ்ட்ரல் என்றால் ஏவலாள். பாட்டு, இசை, ஊர்சுற்றல் எதுவும் அந்தச் சொல்லுக்குள் கிடையாது. ஒரு வீட்டில் அல்லது அரண்மனையில் சம்பளத்துக்கோ சோற்றுக்கோ இருந்த ஆள் என்பது மட்டும்தான் அதன் முதல் பொருள். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி வரலாறு தானாக விளங்கும்.

லத்தீனில் ‘மினுஸ்’ என்றால் குறைவு, ‘மகிஸ்’ என்றால் மிகுதி. மினுஸிலிருந்து ‘மினிஸ்தெர்’, அதாவது கீழே நிற்பவன், பணியாள். மகிஸிலிருந்து ‘மகிஸ்தெர்’, அதாவது மேலே நிற்பவன், தலைவன், ஆசான். நாம் அன்றாடம் சொல்லும் ‘மினிஸ்டர்’, ‘மாஸ்டர்’ இரண்டும் இந்த இணையின் பேரப்பிள்ளைகள். டெய்லர் மாஸ்டரும் டீ மாஸ்டரும் சொல்லின்படி மேலே நிற்பவர்கள், அமைச்சர் கீழே நிற்பவர். மினிஸ்தெர் செய்யும் வேலை ‘மினிஸ்தேரியும்’. அந்த வேலையில் இருப்பவன் பிற்கால லத்தீனில் ‘மினிஸ்தெரியாலிஸ்’. இந்தக் கடைசிச் சொல் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போய் இரண்டு வெவ்வேறு வாழ்க்கை வாழ்ந்தது. ஜெர்மன் நாடுகளில் மினிஸ்தெரியாலிஸ் என்றால் பிரபுவுக்குக் கட்டுப்பட்ட, சுதந்திரம் இல்லாத, ஆனால் குதிரையும் வாளும் கோட்டைப் பொறுப்பும் உடைய படைவீரன். பழைய பிரெஞ்சில் அதே சொல் ‘மெனெஸ்ட்ரெல்’ என்று தேய்ந்தது. முதலில் எந்த வேலையாளையும் கைவினைஞனையும் குறித்து, பிறகு பிரபுவின் வீட்டில் இசைக்கும் பாட்டுக்கும் இருந்த ஆளுக்கே உரியதாகச் சுருங்கியது. தொழில் என்ற பொருளில் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் சொல்லும் ‘மெத்தியே’ மினிஸ்தேரியும் என்பதன் தேய்வுதான். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மெனெஸ்ட்ரெல் ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது.

ஆனால் இந்தக் கலைஞர்களுக்கு இதைவிடப் பழைய பெயர் ஒன்று இருந்தது. லத்தீனில் ‘யோகுஸ்’ என்றால் வேடிக்கை, கேலி. ஆங்கில ‘ஜோக்’ இதுதான். அதிலிருந்து ‘யோகுலாத்தோர்’, வேடிக்கை காட்டுபவன். பழைய பிரெஞ்சில் ‘ஜோக்லெயோர்’, பிரான்சின் தெற்கே ஒக்ஸித்தான் மொழியில் ‘ஜோக்லார்’, ஸ்பானியத்தில் ‘ஹுக்லார்’, இத்தாலியத்தில் ‘ஜுல்லாரே’, ஆங்கிலத்தில் ‘ஜக்ளர்’ என எல்லாம் ஒரே கொடியின் காய்கள்.

இன்று புத்தகங்களில் காணும் ‘ஜோங்ளர்’ வடிவத்தில் நடுவே ஒரு ‘ன்’ ஒலி ஒட்டியிருப்பதைக் கவனியுங்கள். மூலமான யோகுலாத்தோரில் அது இல்லை. அகராதிகள் தரும் விளக்கம், பழைய பிரெஞ்சில் வாயாடுவது, வம்பளப்பது என்ற பொருளில் இருந்த ‘ஜாங்ளெர்’ என்ற வேறொரு சொல் இதனோடு கலந்துவிட்டது என்பது. வேடிக்கைக்காரனும் வாயாடியும் ஒரே ஆள்தான் என்று கேட்டவர்கள் நினைத்ததால் இரண்டு சொற்களும் ஒன்றோடொன்று இழைந்தன. இன்னொரு விளக்கமும் உண்டு. மத்தியகாலக் கையெழுத்தில் ‘யு’, ‘என்’ இரண்டு எழுத்துகளையும் இரண்டு செங்குத்துக் கோடுகளாகத்தான் இழுப்பார்கள், வித்தியாசம் தெரியாது. ‘ஜூக்ளர்’ என்று எழுதியதைப் பின்னால் வந்தவர்கள் ‘ஜோங்ளர்’ என்று படித்துவிட்டார்கள் என்பது அந்த விளக்கம். ஓலைச்சுவடி படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு தெரியாமல் எத்தனை பாடபேதங்கள் நமக்கு உண்டு! முதல் விளக்கமே வலுவானது. பழைய நூல்களில் இரு வடிவங்களும் கிடைப்பதால், பெயரைத் தேடும்போது ‘ன்’ இல்லாத வடிவத்தையும் சேர்த்துத் தேட வேண்டும். பலர் தவறவிடும் இடம் அது.

இந்த யோகுலாத்தோர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு இங்கிலாந்தின் நிலவரிக் கணக்கு நல்ல சாட்சி. 1086-இல் வில்லியம் அரசன் எடுத்த அந்தக் கணக்கில், குளோஸ்டர்ஷையர் பகுதியில் பெர்டிக் என்ற ‘அரசனின் யோகுலாத்தோர்’ மூன்று ஊர்களும் ஐந்து ஏர்களும் வைத்திருந்ததாகவும், வரி எதுவும் கட்டவில்லை என்றும் பதிவு இருக்கிறது. ஹாம்ப்ஷையரில் அடெலினா என்ற பெண், ‘யோகுலாத்ரிக்ஸ்’ என்ற பெண்பால் வடிவத்தோடு, ரோஜர் பிரபு கொடுத்த ஒரு ‘விர்கேட்’ நிலத்துக்கு உரியவளாக வருகிறாள். ஒரு விர்கேட் என்பது தோராயமாக 30 ஏக்கர். இருவரும் நிலம் வாங்கி ஓரிடத்தில் ஊன்றியவர்கள். ‘நாடோடி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இவர்களை அடைக்க முடியாது.

இதே காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், 1066-இல் ஹேஸ்டிங்ஸ் போரில், நார்மன் படைக்கு முன்னால் குதிரையில் போய் வாளைத் தூக்கிப் போட்டுப் பிடித்து வித்தை காட்டிய தைஃபெர் என்பவனைப் பற்றிய செய்யுள் இருக்கிறது. அதில் அவனை ‘ஹிஸ்த்ரியோ’ என்றும் ‘மிமுஸ்’ என்றும் சொல்கிறார்கள். இரண்டும் ரோமானிய நாடக மேடைச் சொற்கள். இங்கேதான் ஆவணம் படிப்பவர்கள் அடிக்கடி வழுக்குவது. ஹிஸ்த்ரியோ என்றால் பழைய லத்தீனில் நடிகன். ஆனால் மத்தியகாலக் கணக்குப்பிள்ளைகள் குழல் ஊதுபவன், பிடில் வாசிப்பவன், கதைப்பாட்டுப் பாடுபவன், கரணம் போடுபவன் எல்லோருக்கும் யோகுலாத்தோர், மிமுஸ், ஹிஸ்த்ரியோ, மினிஸ்த்ராலுஸ் என்று கைக்கு வந்த சொல்லை எழுதினார்கள். 14, 15-ஆம் நூற்றாண்டுச் செலவுக் கணக்கில் ‘ஹிஸ்த்ரியோவுக்கு இத்தனை பென்னி’ என்று இருந்தால், அது பெரும்பாலும் இசைக்காரனுக்குக் கொடுத்த கூலி. அதை வைத்து அந்த ஊரில் அன்று நாடகம் நடந்தது என்று எழுதினால் பிழை. என்ன கருவி, யாருடைய ஆள், என்ன விழா என்று பக்கத்து வரிகள் சொல்வதைக் கொண்டுதான் தீர்மானிக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளைக்கு இருந்த அசட்டை பாதிரிமார்களுக்கு இல்லை. அவர்களுக்கு இது ஆன்மக் கணக்கு. 1215-ஐ ஒட்டி தாமஸ் ஆஃப் சோபம் எழுதிய பாவமன்னிப்புக் கையேடு இவர்களை மூன்றாகப் பிரிக்கிறது. உடலை வளைத்து நெளித்து ஆபாசமாக ஆடுபவர்கள் ஒரு வகை. நிலையான வீடு இல்லாமல் பிரபுக்களின் அவைகளைப் பின்தொடர்ந்து, அங்கே இல்லாதவர்களைப் பழித்துப் பிழைப்பவர்கள் இரண்டாம் வகை. கருவியோடு பாடுபவர்கள் மூன்றாம் வகை. இந்த மூன்றாம் வகையிலும் குடிக்கும் இடங்களில் காமப்பாட்டு பாடுபவர்களுக்கு மன்னிப்பில்லை. மன்னர்களின் வீரச்செயலையும் புனிதர்களின் வாழ்க்கையையும் பாடி, நோயிலும் துயரத்திலும் கிடப்பவருக்கு ஆறுதல் தருபவர்களைப் பொறுத்துக்கொள்ளலாம். இவர்களைத்தான் அவர் யோகுலாத்தோர் என்கிறார். அதே கையேட்டில் ஒரு சம்பவம் வருகிறது. ஒரு யோகுலாத்தோர் போப் அலெக்சாந்தரிடம் போய், இந்தத் தொழிலில் இருந்தபடி என் ஆன்மா கரையேறுமா என்று கேட்கிறான். உனக்கு வேறு தொழில் தெரியுமா என்கிறார் போப். தெரியாது என்கிறான். அப்படியானால் இதை வைத்தே பிழைத்துக்கொள், ஆபாசத்தை மட்டும் விலக்கு என்று அனுமதிக்கிறார்.

நாட்டுச் சட்டம் இன்னும் கடுமையாக இருந்தது. 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மன் நாட்டில் தொகுத்த சாக்சன் சட்டநூல், ஒருவனுக்குத் தீங்கு செய்தால் அவனுக்கு என்ன ஈடு தர வேண்டும் என்று ஒவ்வொரு நிலையினருக்கும் ஒரு தொகை சொல்கிறது. ‘ஷ்பீல்மன்’, அதாவது இசைத்து ஆடிப் பிழைப்பவனுக்கு அது தரும் ஈடு, தீங்கு செய்தவனின் நிழல். அவனை வெயிலில் நிறுத்தி, சுவரில் விழும் நிழலைக் காட்டிவிட்டால் கடன் தீர்ந்தது. இத்தனைக்கும் அந்த ஆள் இல்லாமல் எந்தக் கல்யாணமும் நடந்ததில்லை.

பெயர்தான் மதிப்பைத் தீர்மானிக்கிறது என்று அவர்களுக்கே நன்றாகத் தெரிந்திருந்தது. நர்போன் நகரத்துக் கவிஞர் கிரௌத் ரிக்கியே 1274-இல் காஸ்தீல் அரசன் பத்தாம் அல்போன்சோவுக்குச் செய்யுளிலேயே ஒரு விண்ணப்பம் எழுதினார். அதன் சாரம் இதுதான்: குரங்கு ஆட்டுகிறவனையும் தெருவில் பொம்மை ஆட்டுகிறவனையும் அறிவோடு கவிதை இயற்றுகிறவனையும் ஒரே ‘ஜோக்லார்’ என்ற சொல்லால் அழைக்கிறார்கள், வணிகருக்குள்ளும் உழவருக்குள்ளும் தனித்தனிப் பெயர் இருக்கும்போது எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை, அரசே, பெயர்களைப் பிரித்துக் கொடுங்கள். 1275-இல் அரசனின் பதில் வந்தது. அதையும் ரிக்கியேதான் செய்யுளாக்கியிருப்பார் என்பது அறிஞர் பலரின் கருத்து. கருவி வாசிப்பவர் ஜோக்லார், பிறரைப் போல நடித்துக் காட்டுபவர் ‘ரெமெததோர்’, எல்லா அவைகளுக்கும் போய்வரும் கவிஞர் ‘செக்ரியெர்’, தெருவில் கண்டபடி பிழைப்பவர் ‘கசூர்ரோ’ என்று ஸ்பெயினில் ஏற்கெனவே பிரிவு இருக்கிறது என்கிறது அந்தப் பதில். குரங்கு, ஆடு, நாய், பொம்மை ஆட்டுபவர்களுக்கும் பறவைபோல் கத்திக் காட்டுபவர்களுக்கும் ஜோக்லார் என்ற பெயர் கூடாது, லொம்பார்தியில் சொல்வதுபோல் ‘பூஃபோ’ என்று சொல்லுங்கள் என்றும் தீர்ப்பளிக்கிறது. பாட்டும் மெட்டும் ஆக்குபவர் ‘ட்ரொபதோர்’, அதாவது நாம் ட்ரூபதூர் என்பவர். அவர்களுள் தலைசிறந்தவருக்கு ‘தோக்தோர் தெ ட்ரொபார்’, கவி ஆக்குவதில் பேராசான். ஒரு சொல்லின் பொருளுக்காக ஒரு கவிஞர் அரசனிடம் மனுப் போட்டது எனக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லை. இந்தப் பதிலின்படி பிறகு யாரும் பேசியதாகவும் தெரியவில்லை. சொற்கள் அரசாணைக்குக் கட்டுப்படுவதில்லை.

ட்ரூபதூர் யார் என்பது இதிலேயே தெரிந்திருக்கும். அவர் இயற்றுபவர், ஜோக்லார் நிகழ்த்துபவர். நமக்குக் கிடைத்திருக்கும் முதல் ட்ரூபதூர் 1071-இல் பிறந்த அக்கித்தேன் கோமகன் ஒன்பதாம் கியோம். பிரெஞ்சு அரசனைவிட அதிக நிலம் வைத்திருந்த அவரை ஊர்சுற்றிப் பாடகர் என்று எழுதக் கூடாது. பெர்த்ரான் தெ போர்ன் என்ற பிரபு தம் பாட்டின் முடிவில் ‘பாப்பியோல், இதைக் கொண்டுபோ’ என்று ஏவுகிறாரே, அந்தப் பாப்பியோல்தான் ஜோக்லார். ஆனால் இருவருக்கும் இடையில் தாண்ட முடியாத சுவர் எதுவும் இல்லை. கஸ்கோனியைச் சேர்ந்த செர்கமோன் ஜோக்லாராகவும் கவிஞராகவும் இருந்தவர். ‘உலகைத் தேடித் திரிபவன்’ என்பதே அந்தப் பெயரின் பொருள்.

ட்ரொபதோர் என்பதன் வினைச்சொல் ‘ட்ரொபார்’. கண்டுபிடிப்பது, பாட்டு ஆக்குவது என்று இரண்டு பொருளும் உண்டு. தேவாலயப் பாட்டில் இடையே செருகும் புதிய அடிக்கு லத்தீனில் ‘த்ரோபுஸ்’ என்று பெயர். அதிலிருந்து ‘த்ரொபாரே’, பாட்டு புனைவது, வந்திருக்க வேண்டும் என்பதே பெரும்பாலோர் ஏற்பது. பாட்டால் உள்ளம் பூரிப்பதைக் குறிக்கும் அரபு ‘தரிப’ என்ற வேரிலிருந்து, முஸ்லிம் ஸ்பெயின் வழியாக வந்தது என்பது 20-ஆம் நூற்றாண்டில் எழுந்த கருத்து. எல்லைக்கு அப்பால் அரபுப் பாடகர்கள் இருந்ததும் போக்குவரத்து இருந்ததும் உண்மை. ஆனால் ட்ரொபார் என்பதற்குக் ‘கண்டுபிடிப்பது’ என்ற பொருளும் இருப்பதை அந்த வேரால் விளக்குவது கடினம்.

ஒரு ஜோக்லாருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கிரௌத் தெ கலன்சோன் என்ற கவிஞர் ஒரு பாட்டில் பட்டியலே போடுகிறார். சிறு ஆப்பிள்களை எறிந்து இரண்டு கத்தி முனையில் ஏந்த வேண்டும். பறவை போலக் கூவ வேண்டும், நான்கு வளையங்களுக்குள் பாய வேண்டும். ரோத்தா என்ற 17 நரம்புக் கருவிக்கு நரம்பு கட்ட வேண்டும். மொத்தம் ஒன்பது கருவிகள் கைவசம் இருக்க வேண்டும். அதற்குமேல் கிரேக்க, ரோமானிய, பைபிள் கதைகள் எல்லாம் மனப்பாடம். கொஞ்சம் மிகைதான். ஆனால் பாடகன், வித்தைக்காரன் என்ற பிரிவு அந்தச் சொல்லுக்குள் அன்று இல்லை என்பதை இது காட்டுகிறது.

பிறகுதான் பிரிந்தது. 13-ஆம் நூற்றாண்டிலிருந்து வீட்டோடு வேலைக்கு இருந்தவர்கள் மெனெஸ்ட்ரெல் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். ‘ஜோங்ளர்’ தெருவித்தைக்காரனுக்கு ஒதுங்கியது. ஏவலாள் என்பது இழிவாயிற்றே, அதை ஏன் விரும்பினார்கள் என்று கேட்கலாம். யாருடைய ஆள் என்று சொல்ல முடிந்தால்தான் ஊர் வாசலில் உள்ளே விடுவார்கள். பிரபுவின் சின்னம் பொறித்த சட்டைதான் அடையாள அட்டை. 1306-இல் முதலாம் எட்வர்ட் தம் மகனுக்கு வீரப்பட்டம் கட்டிய வெஸ்ட்மின்ஸ்டர் விருந்தின் கூலிப்பட்டியல் இன்னும் இருக்கிறது. ‘அரசர்’ என்ற பட்டம் கொண்ட தலைமைக் கலைஞர்கள் ஐவருக்குத் தலைக்கு 5 மார்க், அதாவது 3 பவுண்டுக்குமேல். கீழே இருப்பவர்களுக்குச் சில்லறை. மட்டில்டா மேக்ஜாய், ‘மகிழ்ச்சி ஆக்குபவள்’ என்ற தொழிற்பெயரோடு, அதில் வருகிறாள்.

பாரிஸில் இன்னொரு வழி கண்டார்கள். 1321 செப்டம்பர் 14-இல் 37 பேர், அவர்களில் பெண்களும் உண்டு, சங்கம் அமைத்து விதிகளைப் பதிவு செய்தார்கள். எல்லோரும் ஒரே தெருவில் குடியிருந்தார்கள், தெருவுக்கே ஜோங்ளர் தெரு என்று பெயர். கல்யாணத்துக்கு ஆள் தேடி யாராவது தெருவுக்குள் வந்தால் அவர் விரும்பியவரிடம் போகவிட வேண்டும், குறுக்கே விழுந்து இழுக்கக் கூடாது. ஒப்புக்கொண்ட விருந்து முடியும் முன் எழுந்து போகக் கூடாது. நோய், சிறை போன்ற காரணம் இன்றித் தனக்குப் பதில் வேறொருவரை அனுப்பக் கூடாது. விதியில் எழுதும் அளவுக்கு என்னென்ன தகராறு நடந்திருக்கும் என்பது படிக்கும்போதே தெரிகிறது. அந்த விதிகளில் ‘மெனெஸ்ட்ரெல்’, ‘ஜூக்ளர்’ இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. பின்னால் தெருவின் பெயரே மெனெஸ்ட்ரெல்களின் தெரு என்று மாறியது. சங்கத்தின் தலைவருக்கு இருந்த ‘மெனெஸ்ட்ரெல்களின் அரசர்’ என்ற பட்டம் 1773 வரை நீடித்தது.

இங்கிலாந்தில் சொல் கீழே இறங்கிய விதத்தைச் சட்டங்களில் பார்க்கலாம். உழவரும் கைவினைஞரும் அரச மின்ஸ்ட்ரல் வேஷம் போட்டுக் காசு பறிக்கிறார்கள் என்று 1469-இல் நான்காம் எட்வர்ட் தம் இசைக்காரர்களுக்குச் சங்க உரிமை தருகிறார். 1572-இல் எலிசபெத்தின் சட்டம், எந்தப் பிரபுவுக்கும் உரியவரல்லாத மின்ஸ்ட்ரல், கரடியாட்டி, நாடகக்காரர், ஜக்ளர், தெருத்தெருவாக விற்பவர் எல்லோரையும் நாடோடிக் கயவர் பட்டியலில் சேர்த்தது. தண்டனை சவுக்கடி. கூடவே ஓர் அங்குலச் சுற்றளவுள்ள பழுக்கக் காய்ச்சிய இரும்பால் வலது காதின் குருத்தெலும்பைத் துளைப்பார்கள். தப்ப ஒரு வழி உண்டு: யாராவது ஓராண்டுக்கு வேலையாளாக ஏற்றுக்கொள்ள வேண்டும். மினிஸ்தெர் என்ற மூலப்பொருள் சட்டத்தின் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. செஷையரில் டட்டன் குடும்பத்தின் உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும் அந்தச் சட்டத்தில் விலக்கு. அந்தக் குடும்பம் ஆண்டுதோறும் கூட்டிய மின்ஸ்ட்ரல் மன்றம் 1756 வரை நடந்தது.

அதற்குப் பத்தாண்டுக்குள், 1765-இல், தாமஸ் பெர்சி பழைய கதைப்பாட்டுகளைத் தொகுத்து, அவற்றைப் பாடியவர்கள் அவைகளில் மதிப்போடு வாழ்ந்த மின்ஸ்ட்ரல்கள் என்று முன்கட்டுரை எழுதினார். ஜோசப் ரிட்சன் அதைக் கடுமையாக மறுத்தார். ஆனாலும் பெர்சியின் சித்திரமே வென்றது. இன்று படங்களில் வரும் தனிப்பாடகன் அந்தக் கட்டுரையின் வாரிசு.

ஜக்ளர் என்ற சொல்லுக்கு நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அது நெடுங்காலம் மாயவித்தைக்காரன், ஏமாற்றுக்காரன் என்ற பொருளில்தான் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மேடைகளுக்குப் போன இந்திய வித்தைக்காரர்கள் பித்தளைப் பந்துகளை எறிந்து பிடித்துக் காட்டியது ஊரையே ஈர்த்தது. அவர்களில் பெயர் பெற்றவர் ‘ராமோ சாமி’, ராமசாமி என்ற பெயரின் ஆங்கில உருவம். 1850-இல் லண்டனிலேயே இறந்தார். பந்தெறிவது மட்டுமே ஜக்ளிங் என்று பொருள் குறுகியதில் அவர்களுக்குப் பங்குண்டு.

இனி ‘பாணர்’ என்ற மொழிபெயர்ப்பு. புலவர் இயற்ற, பாணர் இசைக்க என்ற சங்ககாலப் பிரிவு ட்ரூபதூர், ஜோக்லார் பிரிவுக்கு வியக்கும் அளவு பொருந்துகிறது. ஆனால் பாணர் ஒரு குடி. ‘துடியன் பாணன் பறையன் கடம்பன் என்று இந்நான்கு அல்லது குடியும் இல்லை’ என்கிறது புறநானூறு. ஐரோப்பியர்களில் துறவு மடத்தை விட்டு ஓடியவர், வறுமைப்பட்ட வீரர், கைவினைஞர் மகன் எல்லோரும் கலந்திருந்தார்கள். பிறப்பு என்ற பொருளை அவர்கள்மேல் ஏற்றக் கூடாது. தமிழ்ப் பெயர்கள் பிறந்த விதமும் வேறு. கோடு என்ற கொம்பால் கோடியர், வயிர் என்ற கொம்பால் வயிரியர், பண்ணால் பாணர் என்று கருவியும் இசையும் பெயரில் நிற்கின்றன. மின்ஸ்ட்ரலில் எசமானன்தான் நிற்கிறான்.

ஆகவே கதையில் ஓட்டம் தடைபடாமல் இருக்க ‘பாணன்’ என்று எழுதுவதில் தவறில்லை. வரலாற்றில் ஆளைப் பார்த்து எழுதுங்கள்: அரண்மனைச் சம்பளத்தில் இருந்தால் அவை இசைக்காரர், தெருவில் கத்தியும் ஆப்பிளுமாக நின்றால் வித்தைக்காரர், ட்ரூபதூர் என்றால் கவிஞர். எல்லாம் செய்தவன் என்றால் ‘ஜோங்ளர்’ என்றே விட்டுவிட்டு ஒரு வரி விளக்கம் கொடுப்பது மேல். ஒரே ஓர் இடத்தில் மட்டும் பாணர் என்று எழுதவே கூடாது. அமெரிக்க ஆங்கிலத்தில் 1843-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஒரு குழுவுக்குப் பிறகு ‘மின்ஸ்ட்ரல் ஷோ’ என்றால், வெள்ளையர் முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவரை இழிவாக நடித்துக் காட்டிய மேடைநிகழ்ச்சி. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க நூலில் மின்ஸ்ட்ரல் என்று வந்தால் முதலில் அந்தப் பொருளா என்று பாருங்கள்.